ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கெரட்டோகோனஸ் லென்ஸ்: எந்தப் படியில் நின்றுபோகிறது, அங்கே என்ன செய்யலாம்

கண்ணாடியால் இனிப் பெரிய பயனில்லை, காண்டாக்ட் லென்ஸ்தான் பொருத்த வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். பிள்ளைக்கோ ஆட்டிசம். முடி வெட்டுவதற்கே பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய வீட்டில், கண்ணுக்குள் லென்ஸா என்று மலைத்துப் போயிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பி இந்த வழியாக வந்தவன். இப்போது அவனே போட்டு, அவனே கழற்றுகிறான். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். சாதாரணக் கண் பரிசோதனைக்குக் கிருஷ்ணகிரி, லென்ஸ் பொருத்துவதற்குப் பெங்களூர். தருமபுரிக்காரர்கள் பலருக்குச் சேலம் பக்கம்.

நோயைப் பற்றி நாலு வரி. கருவிழியின் சுவர் மெலிந்து, முன்பக்கம் கூம்பாகப் புடைத்துக்கொள்வது கெரட்டோகோனஸ். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, முப்பதுகளில் மெல்ல ஓயும். கூம்பு ஒரே சீராக இருக்காது; அதனால்தான் கண்ணாடியை எத்தனை முறை மாற்றினாலும் எழுத்துக்கு நிழல் எழுத்து விழுவதும், விளக்கைச் சுற்றிக் கோடு கோடாகத் தெறிப்பதும் போகாது. கடின லென்ஸ் அந்த மேடுபள்ளத்தின் மேல் வழவழப்பான புது முகப்பாக உட்காருகிறது. நடுவில் உள்ள இடைவெளியைக் கண்ணீரோ சலைனோ நிரப்பிவிடும். நோய் வளர்ந்துகொண்டிருந்தால் முதலில் சி-த்ரீ-ஆர் சிகிச்சை செய்வார்கள். அது ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டிக் கருவிழியை இறுக்குவது. நோயை நிறுத்துவதுதான் அதன் வேலை; பார்வையைத் திருப்பித் தருவது லென்ஸின் வேலை. "அதான் லேசர் வச்சாச்சே, இன்னும் எதுக்கு லென்ஸ்?" என்று கேட்கும் மாமாவுக்கு இதையே சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். "ஒத்துழைக்கவில்லை" என்று ஓ.பி. சீட்டில் எழுதித் தருவார்கள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எந்த நொடியில் தலை பின்னால் போனது, அப்போது கண்ணருகே என்ன இருந்தது, யார் கை, என்ன சத்தம் என்று பாருங்கள். கீழே உள்ளவை எல்லாம் அப்படிப் பார்த்துப் பிரித்தவைதான்.

முதலில் இது: வீட்டில் சரிசெய்யப் பார்க்கக் கூடாதவை

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துப் போங்கள். கிருமி எதுவென்று பார்க்க உதவும். கருவிழி திடீரென்று வெள்ளையாகவோ சாம்பலாகவோ மங்கி, தண்ணீர் கொட்டி, பார்வை சட்டென்று குறைந்தால் அது ஹைட்ராப்ஸாக இருக்கலாம். கருவிழியின் உட்சவ்வு கிழிந்து நீர் உள்ளே இறங்குவது. அதற்கும் அதே நாளே டாக்டர்.

நம் பிள்ளைகளிடம் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல வராது, சிலருக்கு வலி எங்கே என்றே பிடிபடாது. அதனால் நடத்தையைப் பார்த்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு நடப்பது, டியூப்லைட் போட்டதும் போர்வைக்குள் போவது, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேய்ப்பது, ஒரு பக்கத் தலையில் அடித்துக்கொள்வது, பிடித்த சாப்பாட்டைத் தள்ளிவிடுவது. நேற்றுவரை ஒழுங்காக லென்ஸ் போட்டவன் இன்றைக்குத் திடீரென்று மறுத்தால், அடம் என்று முடிவு கட்டும் முன் டார்ச் அடித்துக் கண்ணைப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

"கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கான்"

லென்ஸைப் பற்றி யோசிக்கும் முன்பே தீர்க்க வேண்டியது இது. கண் தேய்ப்பதற்கும் கெரட்டோகோனஸுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதுவும் விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பது ரொம்ப மோசம்.

ஏன் தேய்க்கிறான் என்று பிரித்துப் பாருங்கள். வெயில் காலத்திலும், மாந்தோப்பு பூவெடுக்கும் மாதங்களிலும், குவாரி லாரி ஓடும் சாலையில் போய் வந்த பிறகும் கூடினால் அலர்ஜியாக இருக்கும். இமையைத் திருப்பிப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அலர்ஜிக்கான சொட்டு மருந்து ஒழுங்காக விட்டாலே பாதி தேய்ப்பு நின்றுவிடும். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் "சிவப்புக்கு மருந்து" வேண்டவே வேண்டாம். அவற்றில் பல ஸ்டீராய்டு. முதல் நாள் சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரும். ஆயா எடுத்து வரும் விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் அப்படித்தான், மரியாதையாகவே மறுத்துவிடுங்கள்.

அலர்ஜி இல்லாமலும் தேய்ப்பார்கள். மூடிய கண்ணை அழுத்தினால் உள்ளே பொறி பறக்கும், நிறம் ஓடும். சில பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். சிலருக்கு அழுத்தம்தான் வேண்டும். தேய்க்காதே, தேய்க்காதே என்று நாள் முழுக்கச் சொல்வதில் பயனில்லை, அந்தக் கைக்கு வேறு இடம் காட்ட வேண்டும். புருவத்து எலும்பை அழுத்தலாம், கன்னப்பொட்டை அழுத்தலாம், ஈரத்துணியை மூடிய இமை மேல் சும்மா வைத்துக்கொள்ளலாம். நிறம் வேண்டும் என்பவனுக்கு நிறம் மாறும் ஒரு சின்ன விளக்கு. குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் அழுத்தித் தூங்குகிறானா என்றும் பாருங்கள். பலரும் கவனிக்காத தேய்ப்பு அது.

"மெஷின்கிட்ட முகத்தை வைக்கவே மாட்டேங்கறான்"

கருவிழியின் வரைபடம் எடுக்கும் டோபோகிராஃபி, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் இரண்டிலும் முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்ட வேண்டும். அறை இருட்டு. எதிரில் ஒருவர் ஒரு முழத்துக்குள் வந்து உட்காருவார். அவர் போட்ட செண்டு வாசனை, தாங்கியைத் துடைத்த ஸ்பிரிட் வாசனை, நெற்றியில் சில்லென்று படும் பிளாஸ்டிக். இதில் எது தடுக்கிறது என்று ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

தம்பிக்குத் தடுத்தது அந்தக் குளிர்தான். முகவாய் படும் இடத்தில் காகிதம் இருக்கும், நெற்றிப் பட்டையில் எதுவும் இருக்காது. கைக்குட்டையை மடித்து அந்தப் பட்டைக்கு நடுவில் வைத்ததும் நெற்றியை ஒட்டிவிட்டான். கருவி பார்ப்பதற்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை என்று ஆப்டோமெட்ரிஸ்ட்டே சொன்னார். இப்போதும் அந்த நீலக் கைக்குட்டை ஆஸ்பத்திரிப் பையின் முன் அறையில்தான் இருக்கும். துவைத்தால் அதே நாளில் அங்கேயே திரும்பப் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன்.

மற்றபடி: முதலில் விளக்கைப் போட்டே உட்காரவைக்கச் சொல்லுங்கள், கருவியை அவன் தொட்டுப் பார்க்கட்டும், உங்கள் முகத்தை வைத்து ஒருமுறை காட்டுங்கள். பென்டாகாம் போன்ற கருவி ஒரு கண்ணைப் படமெடுக்க 2 விநாடி போதும், ஆனால் அதைக் குறிவைக்கத்தான் நேரமாகும். அதனால் "ரெண்டு செகண்டுதான்" என்று சொல்லி உட்காரவைத்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். "முதலில் மெஷின் நகரும். அப்புறம் அக்கா 'இப்போ' என்று சொல்வார். அதற்குப் பிறகு ஒன்று, இரண்டு. முடிந்தது" என்று உள்ளபடியே சொல்லுங்கள். "கொஞ்ச நேரம்", "சும்மா பாக்கப்போறாங்க", "ஒண்ணும் ஆகாது" மூன்றையும் அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

எல்லைப்பக்கம் இருக்கும் நமக்கு இன்னொரு விஷயம் உண்டு. பெங்களூரில் ஒருவர் கன்னடத்தில் "நோடி" என்பார், அடுத்தவர் இங்கிலீஷ், மூன்றாமவர் தெலுங்கு கலந்த தமிழ். கூடவே நாமும் பின்னாலிருந்து "பாரு கண்ணு, பாரு" என்போம். நான்கு குரலில் எதைக் கேட்பான்? உள்ளே போனதும், "என்ன செய்ய வேண்டுமோ என்னிடம் சொல்லுங்கள், நான் அவனிடம் சொல்கிறேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே குரல், ஒரே சொல். "நேரா பாரு" என்பதைவிட "பச்சைப் புள்ளியைப் பாரு" நன்றாக வேலை செய்யும்.

"சொட்டு மருந்துக்கே கண்ணை இறுக்கி மூடிக்கறான்"

மூடிக்கொள்ளட்டும். மல்லாந்து படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோரக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். பிறகு அவனாகத் திறக்கும்போது மருந்து உள்ளே வழிந்துவிடும். இமையைப் பிரித்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படி விடுங்கள் என்று கேட்கலாம்.

எந்தச் சொட்டு என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு முதலில் சுரீரென்று எரியும், பிறகு கண்ணே இல்லாத மாதிரி இருக்கும். எரிச்சலைவிட அந்த மரப்புதான் சிலரைப் பயமுறுத்தும். மரத்திருக்கும் நேரத்தில் தேய்த்தால் கருவிழி உரிந்துவிடும், கையில் ஏதாவது கொடுத்து வையுங்கள். இந்தச் சொட்டு ஆஸ்பத்திரியோடு சரி. லென்ஸ் போட உதவுகிறதே என்று வீட்டுக்குக் கேட்டு வாங்கக் கூடாது, கருவிழியைக் கெடுத்துவிடும். ஃப்ளோரசீன் சாயம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், நீல விளக்கில் பச்சையாக ஒளிரும். அது சட்டையில் சொட்டும், மூக்குச் சளிகூட மஞ்சளாக வரும். இதைச் சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று நினைத்து அரண்டுவிடுவான். பழைய சட்டை போட்டுக் கூட்டிப் போங்கள். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு அன்றைக்கு அவசியமா என்று கேளுங்கள். தள்ளிவைக்க முடிந்தால் வேறு நாளில் வைக்கச் சொல்லுங்கள். விரிந்த கண்ணோடு வெயிலில் பஸ் ஜன்னலோரம் திரும்பி வருவது யாருக்குமே சித்திரவதைதான்.

"லென்ஸ் கிட்ட வந்தாலே தலை பின்னால போயிடுது"

பெரும்பாலும் இங்கேதான் எல்லாரும் நின்றுபோகிறார்கள். கையைப் பிடி, காலைப் பிடி, ஒரு நிமிஷத்தில் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை அமுக்கிப் பிடித்துப் போட்டுவிடலாம்தான். ஆனால் லென்ஸ் தினமும் போட வேண்டிய பொருள். அமுக்கிப் பிடித்த நாளுக்குப் பிறகு அந்த டப்பாவைக் கண்டாலே ஓடுவான். அளவெடுக்க மட்டும் மயக்கம் கொடுத்துச் செய்வது உண்டு, டாக்டர் சொன்னால் யோசிக்கலாம். தினசரி போடுவதற்கு அந்தக் குறுக்கு வழி இல்லை.

பழக்கம் வீட்டில் தொடங்க வேண்டும், லென்ஸே இல்லாமல். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, நகம் வெட்டிய விரலால் முதலில் கன்னத்தைத் தொடுவது. அது சாதாரணமான பிறகு இமையின் ஓரம். பிறகு இமைமுடியின் அடியிலேயே பிடித்து இமையைத் தூக்கி வைத்திருப்பது. நுனியில் பிடித்தால் நழுவும், இமை சட்டென்று மூடும். அப்புறம் சலைனில் நனைத்த விரல் நுனியால் வெள்ளை விழியை லேசாகத் தொடுவது. கடைசியாக, லென்ஸ் இல்லாத வெறும் பிளஞ்சரைக் கண்ணருகே கொண்டுவருவது. பிளஞ்சர் என்றால் லென்ஸைத் தாங்கும் அந்தச் சின்ன ரப்பர்க் குச்சி. ஒரு படி சலித்துப்போகிற அளவுக்கு ஆன பிறகுதான் அடுத்த படி. சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள்.

இரண்டு விஷயங்கள் இதை வேகப்படுத்தும். ஒன்று, நிறுத்தும் உரிமை. பேச்சு வராதவனுக்கு ஒரு சிவப்பு அட்டை, பேசுகிறவனுக்கு "போதும்" என்ற சொல். அது வந்த நொடியில் உங்கள் கை கீழே இறங்கிவிட வேண்டும், லென்ஸ் இமை வரைக்கும் வந்திருந்தாலும் சரி. "இதோ ஆச்சு, இன்னும் கொஞ்சம்" என்று ஒருமுறை தாண்டினால் அந்த அட்டை செத்த அட்டை. முதலில் சும்மா சும்மா தூக்கிப் பார்ப்பான், நீங்கள் நிறுத்துகிறீர்களா என்று. நிறுத்துங்கள்.

இன்னொன்று, அவன் கையே போடட்டும். இது பலருக்கும் நம்பிக்கையில்லாத யோசனை. ஸ்பூனையே ஒழுங்காகப் பிடிக்காதவன் லென்ஸைப் போடுவானா என்பார்கள். அடுத்தவர் கை எப்போது தொடும் என்று தெரியாது, தன் கை எப்போது தொடும் என்று தனக்குத் தெரியும். பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது. விரல் நடுங்கினால் நீங்கள் இமையைப் பிடியுங்கள், பிளஞ்சர் அவன் கையில் இருக்கட்டும்.

"ஆர்ஜிபியா ஸ்க்ளீரலா, எதைக் கேக்கறது?"

டாக்டர்தான் முடிவு செய்வார், கூம்பின் அளவும் இடமும் பொறுத்து. ஆனாலும் பேச்சில் கலந்துகொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுமே கடின லென்ஸ்தான். ஆர்ஜிபி சின்ன லென்ஸ், சுமார் 9–10 மில்லிமீட்டர், கருவிழி மேலேயே உட்காரும். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் இமை அதன் விளிம்பில் இடறும். பழகச் சில வாரம் ஆகும், தூசி உள்ளே புகும், சில சமயம் துள்ளி வெளியே விழும். ஸ்க்ளீரல் 15 மில்லிமீட்டருக்கு மேல், வெள்ளை விழியின் மேல் அமர்ந்து கருவிழியைத் தொடாமல் தாண்டி நிற்கும். பார்க்கப் பெரிதாகப் பயமுறுத்தும், போடுவதும் கொஞ்சம் வித்தை, விலையும் பல மடங்கு. ஆனால் உள்ளே போன பிறகு உறுத்தல் குறைவு.

தொடு உணர்ச்சி அதிகமுள்ள பிள்ளைக்கு, காசு இடம்கொடுத்தால், ஸ்க்ளீரல் சரிவருமா என்று முதலிலேயே கேளுங்கள் என்பது என் கட்சி. பனியனில் தைத்திருக்கும் லேபிளே பொறுக்காதவனை ஆர்ஜிபி விளிம்போடு வாரக்கணக்கில் "பழகிக்கோ" என்பது நியாயமில்லை. ஆர்ஜிபிதான் முடியும் என்றால், அடியில் ஒரு மென்லென்ஸ் போட்டு அதன் மேல் ஆர்ஜிபி வைக்கும் முறை உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள். இருசக்கர வண்டியில் போகும்போது மேலே ஒரு சாதா கண்ணாடி கட்டாயம். குவாரி டிப்பர் பின்னால் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"உள்ள போச்சு, உடனே கழட்டச் சொல்றான்"

ஸ்க்ளீரலில் முதல் சந்தேகம் காற்றுக்குமிழி. லென்ஸ் கிண்ணம் விளிம்பு தளும்ப சலைனால் நிறைந்திருக்க வேண்டும், முகம் தரைக்கு இணையாகக் குனிந்திருக்க வேண்டும். மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைத்து, அதன் மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனியச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் நிமிர்ந்தாலும் சலைன் வழிந்து குமிழி நுழையும். போட்ட பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். பிறை மாதிரி ஒரு வெளிர் வளையம் தெரிந்தால் குமிழிதான். கழற்றி, நிரப்பி, மறுபடி. இது தப்பில்லை, வழக்கம் என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவைத்திருந்தால் ரகளை இருக்காது.

அடுத்த சந்தேகம் குளிர். சலைன் குப்பியை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூடி வைத்திருந்துவிட்டு ஊற்றுங்கள். பிரிசர்வேட்டிவ் இல்லாத சலைன்தானா என்றும் பாருங்கள்; மருந்து கலந்ததை லென்ஸுக்கு அடியில் மணிக்கணக்கில் தேக்கிவைத்தால் எரியும். திறந்த குப்பியில் மிச்சத்தை நாளைக்கு வைக்க வேண்டாம்.

இரண்டும் இல்லையென்றால் லென்ஸில் ஒட்டிய நூல், பஞ்சு, எண்ணெய். துண்டில் கை துடைத்தபின் வரும் நூல்தான் பாதி நேரம் வில்லன்.

ஆஸ்பத்திரியில் சோதனை லென்ஸ் போட்டால் அது கண்ணில் உட்கார அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வைப்பார்கள். அந்த நேரத்துக்கு என்ன வேலை என்பதை நீங்கள் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும். முதலில் செய்து வரும் லென்ஸே கடைசி லென்ஸாக இருக்காது, மாற்றிச் செய்வது சகஜம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் "முடிஞ்சுபோச்சுன்னு சொன்னியே" என்பான், அது நியாயமான கேள்வி.

"ஒண்ணா ரெண்டா, எது நல்லா இருக்குன்னு கேட்டா பதிலே இல்ல"

பவர் பார்க்கும்போது கேட்கும் இந்தக் கேள்விதான் கோளாறு. "நல்லா" என்றால் என்ன? இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் எதைச் சொல்வது? மூன்றாவது விடையாக "ஒரே மாதிரி" என்பதையும் கொடுக்கச் சொல்லுங்கள். "எதில் எழுத்து கறுப்பாக இருக்கு?" என்று கேட்கலாம், "எதில் நிழல் எழுத்து இல்ல?" என்றும் கேட்கலாம். வாயால் சொல்லாதவனுக்குப் பொருத்திக் காட்டும் அட்டை உண்டு. நடுவில் களைத்துவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லி முடிக்கப் பார்ப்பான். கடைசிக் கண்ணின் பவர் மட்டும் தப்பாக வருவது இதனால்தான். இடைவேளை கேளுங்கள்.

"நல்லாத் தெரியுது, ஆனா வேண்டாங்கறான்"

இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. பல வருஷமாக மங்கலாக இருந்த உலகம் ஒரே நாளில் கூராகிவிடுகிறது. சுவரில் விரிசல், தரையில் முடி, எதிரே இருப்பவர் முகத்தில் ஒவ்வொரு அசைவும். மங்கல்தான் அவனுக்குப் போர்வையாக இருந்திருக்கிறது. அதைச் சந்தையில், கல்யாண வீட்டில், பஸ் நிலையத்தில் வைத்து உருவினால் காதைப் பொத்திக்கொண்டு உட்காரத்தான் செய்வான்.

லென்ஸோடு முதல் நாட்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். டாக்டர் கொடுத்த நேர அட்டவணைப்படி முதலில் சில மணி நேரம், பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி. கூராகத் தெரிவதால் அவனுக்கு என்ன லாபம் என்பது அவன் கணக்கில் இருக்க வேண்டும். "படிக்கலாம், வேலைக்குப் போகலாம்" என்பதெல்லாம் நம் கணக்கு. தம்பிக்குப் பஸ் போர்டு. தெருமுனையில் நின்றபடி பாலக்கோடா ராயக்கோட்டையா என்று, பஸ் திரும்பும் முன்பே, தடம் எண்ணோடு படிக்க முடிந்த நாளிலிருந்து மாலை நேர லென்ஸுக்கு மறுப்பே இல்லை. உங்கள் பிள்ளைக்கு அது கிரிக்கெட் ஸ்கோராக இருக்கலாம், மாவு மில்லின் பெல்ட்டாக இருக்கலாம்.

"மத்தியானத்துக்கு மேல புகையா இருக்காம்"

ஸ்க்ளீரல் போடுகிறவர்களுக்குச் சாதாரணமாக வருவது. அடியில் இருக்கும் சலைனில் கசடு சேர்ந்து கலங்குகிறது. கழற்றி, புதுச் சலைன் ஊற்றிப் போட்டால் தெளியும். தினமும் வந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும், அலர்ஜியையும் பார்ப்பார்கள். கழற்றிய பிறகு வெள்ளை விழியில் வளையமாக ஆழத் தடம் இருந்து, கண்ணும் சிவந்திருந்தால் லென்ஸ் இறுக்கம். போட்டோ எடுத்து அடுத்த முறை காட்டுங்கள். அவன் சொல்லாததை அந்தப் படம் சொல்லும்.

"ராத்திரி கழட்ட விடமாட்டேங்கறான்" / "கழட்டவே வரல"

தூக்கக் கலக்கத்தில் கழற்றப் போனால் எந்தப் பிள்ளையும் விடாது. கழற்றும் நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிவையுங்கள். கொந்தளிப்பில் இருக்கும்போது கண்ணுக்குக் கிட்டேயே போகாதீர்கள்; அடங்கிய பிறகு கழற்றிக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் கூடுதலாக இருப்பதால் ஒன்றும் மூழ்கிவிடாது. ஆனால் லென்ஸோடு தூங்க விடக் கூடாது. கிருமித் தொற்றுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது.

வரவில்லை என்றால் முதலில் சலைனோ, டாக்டர் கொடுத்த ஈரச் சொட்டோ விட்டுச் சில நிமிடம் சிமிட்டச் சொல்லுங்கள். பிளஞ்சரை நனைத்து, லென்ஸின் நடுவில் ஒட்டாமல் கீழ் விளிம்புப் பக்கமாக ஒட்டி, விளிம்பைத் தூக்குகிற மாதிரி வெளியே எடுங்கள். நடுவில் ஒட்டி நேராக இழுத்தால் இன்னும் இறுகும். பிளஞ்சரை ஒட்டும் முன் லென்ஸ் கண்ணில்தான் இருக்கிறதா என்று டார்ச்சில் பாருங்கள். வெறுங்கருவிழியில் ஒட்டி இழுத்தால் புண்ணாகிவிடும். ஆர்ஜிபி இமைக்கு அடியில் நழுவிப்போனால் மூளைக்கெல்லாம் போகாது, போக வழியே இல்லை. ஈரச் சொட்டு விட்டு இமை மேலாக மெல்லத் தள்ளி எடுக்கலாம். இரண்டு மூன்று முறை பார்த்தும் முடியாவிட்டால் மேலும் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கழுவும் விஷயம்

லென்ஸிலோ டப்பாவிலோ குழாய்த் தண்ணீர் படக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீராக இருந்தாலும், போர் தண்ணீராக இருந்தாலும், ஆர்.ஓ. கேனாக இருந்தாலும் இதே கதைதான். குடிக்கச் சுத்தமான தண்ணீரிலும் தொட்டியிலும் அகந்தமீபா என்னும் உயிரி இருக்கலாம். அது கருவிழிக்குள் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம், சில சமயம் பார்வையே போகும். கை கழுவத் தண்ணீர், பிறகு கையை நன்றாக உலர்த்திவிட்டு லென்ஸ். லென்ஸோடு குளிக்க வேண்டாம், கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்க் குதிக்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் கொடுத்திருந்தால் அதற்கென்று வரும் டப்பாவில் 6 மணி நேரமாவது ஊறிய பிறகே லென்ஸ் கண்ணுக்குப் போகலாம். நேராகப் பட்டால் கண் பற்றி எரியும். சலைன் குப்பியும் அதுவும் ஒரே அலமாரியில் வேண்டாம், ஒன்றில் சிவப்பு டேப் சுற்றுங்கள்.

சொல்லப்போனால் இந்தப் பகுதியில் நம் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி. வரிசையைப் படமாக ஒட்டிவைத்துவிட்டால் ஒரு படியைத் தாண்டவிட மாட்டார்கள். நான் அவசரத்தில் டப்பாவைக் கவிழ்த்து உலரவைக்காமல் போனால், தம்பி பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவான். ஒரே தொல்லை, கரைசலின் லேபிள் மாறினால் புது மருந்து என்று மறுப்பார்கள். பாட்டில் தீரும் முன்பே புதியதை வாங்கிப் பழையதன் பக்கத்தில் சில நாள் வையுங்கள்.

"இவ்வளவு கஷ்டத்துக்கு ஆபரேஷன் பண்ணிடலாமே"

கருவிழி மாற்று அறுவை லென்ஸைவிட எளிதான வழி இல்லை. தையல் இருக்கும், தேய்க்கவே கூடாது, சொட்டு மருந்து மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், புதுக் கருவிழியை உடல் ஒதுக்காமல் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பரிசோதனை. இத்தனைக்குப் பிறகும் பலருக்கு லென்ஸ் தேவைப்படுகிறது. லென்ஸால் முடியாத கட்டத்தில் டாக்டரே சொல்வார். அதுவரை ஒரு கண்ணுக்கு மட்டும் லென்ஸ், மறு கண்ணுக்குக் கண்ணாடி என்று பாதி வழியில் நிற்பதும் தோல்வியில்லை.

லென்ஸ் உடைந்தாலோ தொலைந்தாலோ

கடையில் எடுத்துத் தரும் சரக்கு இல்லை இது, அவன் கண்ணுக்கு அளவெடுத்துச் செய்தது. புதிது வரப் பல நாள் ஆகலாம். லென்ஸ் அட்டையில் இருக்கும் வளைவு, விட்டம், பவர் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு போனில் வையுங்கள். அளவு மாற்றிய பழைய லென்ஸைத் தூக்கிப்போடாமல், அவசரத்துக்குப் போடலாமா, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். லென்ஸ் இல்லாத நாட்களிலும் அதே நேரத்தில் கை கழுவி, அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொட்டு ஈர மருந்தாவது விட்டு எழுந்திருக்கட்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போனால் மறுபடி கன்னத்தைத் தொடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.